கட்டுப் போட்ட கை

காயமில்லாத கைக்கு அக்கா கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் தம்பியின் வலது கையை மல்லாத்தி வைத்து, மணிக்கட்டில் தொடங்கி, கட்டைவிரல் இடுக்கு வழியாக உள்ளங்கையை மூடி, மறுபடி மணிக்கட்டுக்கே வந்தாள். முதியோர் இல்லத்தில் பல வருஷமாகக் கட்டிப் பழகிய கை. துணி சுருங்காது, ரத்த ஓட்டமும் நிற்காது.

"விரல் நுனியை விட்டுடுக்கா. குமிழ் திருகணும்."

"விட்டுத்தான் கட்டறேன். மடக்கிக் காட்டு. வலிக்குதா?"

"காயமே இல்ல, எப்படி வலிக்கும்?"

"கேக்கறவங்ககிட்ட வலிக்குதுன்னு சொல்லு. சூடான எண்ணெய் பட்டுடுச்சுன்னு சொல்லு."

"நான் என்னைக்குக்கா அடுப்புகிட்ட போனேன்? யாரும் நம்ப மாட்டாங்க."

"நம்ப வேண்டாம். கட்டுப் போட்ட கையை எவனும் புடிச்சுக் குலுக்க மாட்டான். எனக்கு அது போதும்."

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். மதிய ஷிப்டுக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று பார்த்தார். "கையில போடற கட்டை வாயில போட்டுட்டா வேலை சுலபம். உள்ள போற வழியே அடைஞ்சிடும்" என்றார்.

"மாமா, நீங்க போய் வண்டிய எடுங்க. ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். தம்பிக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. அக்காவுக்கு அதுவும் வரவில்லை.  கட்டின் முனையை ஒட்டிவிட்டு, செருப்பை எடுக்கப் பின்வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டித் தயாராக நின்றான்.

அவனுக்குச் செவிடன் என்று பெயர் வைத்தது அம்மாதான். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை வாரி வாரி விழுங்குகிற ஆளுயர இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிற்கும். அதில் ஒன்றின் உருளையில் ஏதோ ஓர் ஆணி கழன்றிருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை க்டக் என்று இடிக்கும். பள்ளிவிட்டு வந்தால் பையன் அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது, வீட்டுக்குப் போகலாம் என்றாலும் கேட்காது. "காதைக் கழட்டி எங்கடா வச்சே, செவிட்டுப் பயலே?" என்று அம்மா தோளைப் பிடித்து உலுக்குவாள். ஆணியை முடுக்க ஆள் வந்த அன்று பையன் அழுதான். அவன் அழுததில் அந்த ஆளே மிரண்டு, சத்தம்தானே, கிடக்கட்டும் என்று போய்விட்டார்.

அம்மா போனபின் மீதிப் பையனை வளர்த்தது அக்கா. படிப்பு ஏறவில்லை. பாட்டு ஏறியது. அதுவும் பாடுகிற பாட்டு இல்லை. சொல்லே இல்லாமல் மெஷின் போட்டுத் தருகிற பாட்டு. சுழலும் இரண்டு இசைத்தட்டுகள், நடுவில் குமிழ்கள் நிறைந்த ஒரு பலகை, காதில் ஹெட்ஃபோன். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு தையல் தெரியாமல் தைப்பதுதான் அவன் தொழில். நன்றாகத் தைத்தால் ஆடுகிறவர்களுக்கு எது எங்கே முடிந்தது என்றே தெரியாது, மணிக்கணக்கில் ஆடுவார்கள். அவன் நன்றாகத் தைத்தான். சுவரொட்டியிலும் 'செவிடன்' என்றே போட்டுக்கொண்டான். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் நன்றாக அமைந்தால், ஆடியவர் மேடைக்கு வந்து இசைப்பவரின் கையைக் குலுக்குவார். கை பிரியும்போது உள்ளங்கையில் ஒரு போதை மாத்திரை இருக்கும். நன்றிக் கடன் மாதிரி. அதை வேண்டாம் என்பது, பரிமாற வந்த கரண்டியைத் தட்டிவிடுவது போல. முதல் மாத்திரை செவிடனுக்கு அப்படித்தான் வந்தது. போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் ஒவ்வோர் அடியும் காதுக்கு வெளியே நிற்காமல் தோலுக்குள் இறங்கியதாம். முன்பின் தெரியாத முகங்களெல்லாம் கூடப்பிறந்த முகங்கள் ஆயினவாம். மறுநாள் அக்காவிடம் வந்து, "நான் பாட்டைக் கேக்கலக்கா, பாட்டு என்னைக் கேட்டுச்சு" என்று கண்கலங்கச் சொன்னான். அக்கா அவன் கண்ணைத்தான் பார்த்தாள். கறுப்பு வட்டம் இன்னும் சுருங்காமல் அகலமாக இருந்தது. தாடையை விடாமல் அரைத்துக்கொண்டிருந்தான். "போய்ப் படு" என்றாள்.

ஒன்று இரண்டாயிற்று. ஆட்டம் முடிந்தபின் வந்தது, ஆட்டத்துக்கு முன்னால் வர ஆரம்பித்தது. பிறகு அது இல்லாமல் ஹெட்ஃபோனைத் தொடமாட்டான் என்றாயிற்று. சனி ஞாயிறில் ஊருக்கெல்லாம் உறவாக இருந்தவன், செவ்வாய்க்கிழமை திரையை இழுத்து மூடிக்கொண்டு காரணமில்லாமல் அழுவான். பல் தேய்ந்து, கடைவாய்ப் பல் ஒன்று பிளந்தது. அக்கா திட்டினாள், கெஞ்சினாள், ஒருமுறை அடிக்கவும் செய்தாள். அவன் தோளைக் குலுக்கினான். "எல்லாரும் போடறதுதானேக்கா."

ஒருநாள் மேடையிலேயே விழுந்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. சிறுநீரகம் சண்டித்தனம் செய்து, பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். விட்டதும் அக்கா அவனை டாக்ஸியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துணி தேய்க்கும் மேசையை எடுத்துவிட்டு அந்த அறையில் கட்டில் போட்டாள். குளிக்க வைத்தாள், ஊட்டினாள், சிறுநீரின் நிறத்தைப் பார்த்தாள். தொழிலாகச் செய்கிற வேலை, சொந்தத் தம்பிக்குச் செய்தாள். அவ்வளவுதான்.

உடம்பு தேறியது. பாட்டு தேறவில்லை. அக்காவின் கணவர் ஆசையாக ரேடியோ வைத்தால், "நிறுத்திடுங்க மாமா, தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கு" என்பான். சந்தோஷத்துக்கான சரக்கை மூளை மொத்தமாகச் செலவழித்துவிட்டது, மறுபடி ஊற வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். செவிடன் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்குப் போனான். மடித்தான், அடுக்கினான், வந்து தூங்கினான். அக்காவுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. விளக்கில்லாத வீட்டைப் பார்ப்பது போலவும் இருந்தது.

அப்படியிருக்கத்தான் கிடங்கு முதலாளி போன் செய்தார். அவன் விழுந்த அதே இடம். அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குப் புகார் கொடுத்ததால் இப்போது எல்லாம் பகலிலேயே. மதியம் தொடங்கி, இருட்டுவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்களாம். ஒரே ஒரு தடவை வந்து வாசி என்றார்.

"போகாம இருந்தா என்ன?" என்றாள் அக்கா.

"போகாம இருந்தா தெரியாமலே போயிடும்க்கா."

"என்ன தெரியாது?"

"பாட்டு எனக்குள்ள இருந்துச்சா, மாத்திரைக்குள்ள இருந்துச்சான்னு."

 மறுநாள் அக்கா வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் மருந்துக்கடையில் ஒரு கட்டுத்துணிச் சுருள் வாங்கினாள். அவன் ஹெட்ஃபோன் உறை, சட்டைப் பைகள், பெட்டியின் மூலைகள் எல்லாவற்றையும் அவன் இல்லாத நேரத்தில் உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

அந்தக் கிடங்கு ஒரு காலத்தில் மீனைப் பனிக்கட்டியில் வைத்த இடம். ஜன்னல் கிடையாது. கெட்டிச் சுவர், கதவுக்கு ஆள் தொங்குகிற அளவுக்கு ஒரு இரும்புப் பிடி. சத்தம் வெளியே போகாது, சூடும் வெளியே போகாது. குளிரூட்டிகளை எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் அக்கா கூரையைப் பார்த்தாள், மின்விசிறிகளை எண்ணினாள், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டாள்.

"அம்மா ஹெல்த் ஆபீஸரா?" என்றார் முதலாளி.

"இல்ல. அவன் அக்கா."

"அதைவிடப் பெரிய ஆபீஸர்தான்" என்று அவரே மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். அக்கா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் பை. உள்ளே தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள், ஈரத்துண்டு, தெர்மாமீட்டர்.

கட்டு வேலை செய்தது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "செவிடா, செத்துட்டேன்னு சொன்னாங்களேடா!" என்று கையை நீட்டுவார்கள். கட்டைப் பார்ப்பார்கள். நீட்டிய கை அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகும். தட்டுகிற கையையும் அக்கா விடவில்லை. சட்டைப் பை பக்கம் போகிறதா என்று பூனை மாதிரி பார்த்தாள். ஒருவன், "யாருடா இந்த போலீஸ்?" என்று தம்பியின் காதருகே முணுமுணுத்தது பஞ்சையும் மீறி அவளுக்குக் கேட்டது.

ஆனால் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பச்சை நிறத்தில் முடிச்சாயம் பூசிய பெண் ஒருத்தி, நேராக அக்காவிடம் வந்தாள். சிரித்த முகம், இனிமையான குரல். "நீங்கதான் அவரோட மேனேஜரா அக்கா? அவருக்குக் கையில அடின்னு சொன்னாங்க. நீங்களே குடுத்திடுங்க. என்னோட அன்புன்னு சொல்லுங்க" என்று அக்காவின் கையைப் பிடித்து, விரல்களை மடக்கிவிட்டுப் போய்விட்டாள். திறந்து பார்த்தால் ரோஸ் நிறத்தில், இதய வடிவத்தில் ஒரு மாத்திரை. குழந்தைகளுக்கான சத்து மாத்திரை மாதிரி இருந்தது.

எறிய இடமில்லை. எறிந்தால் எவனாவது பொறுக்குவான். பையில் போட்டால் தம்பி தண்ணீர் எடுக்கக் கையை விடுவான். கழிப்பறைக்குப் போனால் அவனைப் பார்க்க ஆளில்லை. அக்கா கையை மூடிக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்குக் கையில் கனம். அந்த நேரம் பார்த்து மேலே தம்பி தலையைத் திருப்பினான். பச்சை முடி போவதைப் பார்த்தான். அக்காவின் மூடிய கையைப் பார்த்தான். திரும்பிக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினான்.

ஆட்டம் தொடங்கியது. இந்தச் சங்கீதம் அக்காவுக்கு எப்போதும் பிடித்ததில்லை. ஆனாலும் மோசமாகப் போகிறது என்பது அவளுக்கே தெரிந்தது. ஒரு பாட்டு வந்து, கூட்டம் அதில் காலை வைத்து, இடுப்பை அசைக்கத் தொடங்குவதற்குள் அடுத்ததை இழுத்தான். அது பிடிபடுவதற்குள் மூன்றாவது. ஜனங்கள் தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் குழாயடிக்குப் போனார்கள். நாலு பேர் பின்னாலேயே போனார்கள். அவன் வேகத்தைக் கூட்டினான். கூட்டம் இன்னும் கரைந்தது. கட்டுப் போட்ட கை குமிழ்களின் மேல் அடிபட்ட காக்கை மாதிரி துள்ளியது.

முதலாளி குனிந்து வந்தார். "தம்பி ஏம்மா இப்படிப் பறக்கறாரு? முன்ன எல்லாம் ஒரு பாட்டை விட்டா, அது பழுக்கற வரைக்கும் தொட மாட்டாரே."

"ஸ்பீக்கர் சரியில்லையோ என்னமோ" என்றாள் அக்கா. சொன்னபின் தனக்கே வெட்கமாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

முன்வரிசையில் ஒருவன் வாய்க்குக் கைகுவித்து, "செவிடா, எழுந்திருடா!" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். மேலே அவன் முகம் வெளுத்தது. அம்மா போன அன்று சலவைக் கூடத்து வாசலில் நின்ற அதே முகம். 

அப்போது அவளுக்கே அந்த நினைப்பு வந்தது. பாதி கொடுத்தால் என்ன? பாதியில் யார் விழப்போகிறார்கள்? இன்றைக்கு ஒருநாள் மானம் தப்பட்டும். அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன். வலியில் கத்துகிற கிழவருக்கு அடுத்த வேளை மருந்தைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்துவிடலாமா என்று கை பரபரக்குமே, அதே பரபரப்பு. அந்த மருந்துக்காவது அளவு தெரியும். இது எவன் எந்தக் கொட்டகையில் எதைப் போட்டு இடித்ததோ. தெரிந்தும் கை தளர்ந்தது. தளர்ந்ததை உணர்ந்து பயந்து, நகம் பதிய இறுக்கினாள்.

அவன் நீளமான ஒரு பாட்டை ஓட விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். முக்காலி அருகே மண்டியிட்டு, அவள் காதிலிருந்த பஞ்சை இழுத்தான்.

"அக்கா, ஒண்ணும் வரலக்கா. தகரம்தான் கேக்குது. உன் கையில இருக்கறதுல பாதி குடு."

"மாட்டேன்."

"பாதிதான். உன் எதிர்லயே போட்டுக்கறேன். நீயே உடைச்சுக் குடு."

"மாட்டேன்டா."

"அவங்க சிரிக்கறாங்க, பாத்தியா?"

"பாத்தேன். சிரிக்கட்டும். மாட்டேன்."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடுங்கவில்லை, பிடித்தான். அக்கா கையைத் திறந்தாள். மாத்திரை இல்லை. அந்தச் சூட்டிலும் வியர்வையிலும் பிடியிலும் இதயம் கரைந்து, உள்ளங்கை ரேகைகளில் ரோஸ் நிறச் சேறாக வழிந்திருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அக்கா மறுகையால் பையிலிருந்து ஈரத்துண்டை எடுத்தாள். அவன் நக்கிவிடுவானோ என்று கூட ஒரு கணம் பயந்தாள். அவன் துண்டை வாங்கி, குழந்தை கையைத் துடைப்பது போல விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டான்.

"செவிடா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு" என்றாள். "வாய்ல வச்ச சோத்தை விழுங்க விடு. விழுங்கறதுக்குள்ள அடுத்த கரண்டியை நீட்டற. ஊட்டறவ பயந்தா அப்படித்தான் செய்வா. எங்க இல்லத்துல புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாம் இதையேதான் செய்யும். கிழவருக்குப் பொறையேறும்."

"எனக்கே ருசிக்கலக்கா. எப்படி ஊட்டறது?"

"எனக்கு மட்டும் அந்தக் கஞ்சி ருசியாவா இருக்கு? சாப்பிடறவங்க தொண்டையைப் பாத்து ஊட்டுவேன். உன் நாக்கை விடு. அவங்க காலைப் பாரு."

அவன் கொஞ்ச நேரம் மண்டியிட்டபடியே இருந்தான். ஓட விட்ட பாட்டு தேயத் தொடங்கியது. எழுந்து மேலே போனான்.

அதன்பின் அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. கண்ணை மூடி, தலையை ஆட்டி, கையை விரித்து நின்ற பழைய செவிடன் வரவில்லை. ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, கீழே தரையையே பார்த்தபடி ஒருவன் நின்றான். ஒரு பாட்டை விட்டான். விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கை துறுதுறுத்தது, இடது கையால் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கால்கள் ஒவ்வொன்றாக அதில் விழுந்தன. குழாயடியிலிருந்து ஒருத்தி தாளத்திலேயே நடந்து வந்தாள். அப்புறம்தான் அடுத்ததைத் தைத்தான். அதற்கடுத்ததை இன்னும் தாமதமாக.

எங்கோ நடுவில், எல்லா இடிக்கும் அடியில், க்டக் என்று ஒரு சத்தம் கேட்டது. சுற்றுக்கு ஒன்று. அக்கா நிமிர்ந்தாள். எந்தக் காலத்திலோ பதிவு செய்து வைத்திருந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. வீட்டில் ஊறவைத்துவிட்டு வந்த விரிப்புகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. பிறகுதான் தன் செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். உடனே நிறுத்தினாள்.

ஆனால் பயம் மட்டும் இறங்கவில்லை. இடையில் அவன் இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டு, விழுந்துவிடுவார்கள் போலிருந்த ஆட்களைக் காட்டினான். ஒருவன் சுவரில் சாய்ந்து, முகம் காய்ந்து சிவந்து நின்றான். அக்கா போய் அவனை வெளிக்காற்றில் உட்கார வைத்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டு, உப்புத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தாள். மடமடவென்று குடிக்க வந்தவனின் கையைத் தட்டினாள். "மெதுவா. தண்ணியும் அளவுதான்." அவன் அவளைப் பார்த்து, "நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க ஆண்ட்டி" என்றான். "செவ்வாய்க்கிழமை வந்து சொல்லு" என்றாள் அக்கா.

இருட்டத் தொடங்கியபோது கதவைத் திறந்தார்கள். முதலாளி செவிடனின் தோளில் கை வைத்தார். "முன்ன மாதிரி இல்ல தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடைசி வரைக்கும் யாரும் போகல. அடுத்த மாசமும் வர்றியா?"

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் மட்டும்தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் சொன்னான், "எல்லாரும் தாடையை அரைச்சுக்கிட்டே இருந்தாங்கக்கா. பல்லு தேயறது மேல வரைக்கும் கேக்கற மாதிரி இருந்துச்சு. நானும் அப்படித்தான் இருந்தேனா?"

"அதைவிட மோசம்."

"அவங்களுக்கு வாசிக்கறதும் தப்போ?"

"அதை நாளைக்கு யோசி. உனக்கு ஏதாவது வந்துச்சா, அதைச் சொல்லு."

"ஒரு தடவை. அம்மா மெஷினுக்கு. கொஞ்ச நேரம்தான்." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம்தான்" என்றான் மறுபடி.

"சரி. கையைக் கொடு. கட்டை அவிழ்க்கறேன், தோல் வெந்திருக்கும்."

அவன் கையை நீட்டவில்லை. "பாத்து அவிழுக்கா. உள்ள ஒண்ணு இருக்கு."

அக்கா முனையைப் பிரித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மணிக்கட்டின் உள்பக்கம், நாடி பார்க்கிற இடத்தில், பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது. தோலில் அதன் வட்டம் பதிந்திருந்தது.

"எப்போ வச்ச?"

"நீ செருப்பெடுக்கப் போனப்ப. ஹெட்ஃபோன் உறைத் தையலுக்குள்ள பழசு ஒண்ணு கிடந்துச்சு."

உறையை அவள் உதறிப் பார்த்தாள். தையலுக்குள் பார்க்கவில்லை. இத்தனை பேர் கையை விரட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். திருடனுக்குத் தன் கையாலேயே பெட்டகம் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"அப்ப இது மொத்த நேரமும் உன் கையிலயே இருந்துச்சு."

"ஆமா."

"பின்ன எதுக்குடா என்கிட்ட வந்து பாதி குடுன்னு நின்ன?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "நீ மாட்டேன்னு சொல்றதைக் கேக்கணும் போல இருந்துச்சு. எனக்கு நானே சொன்னா நான் கேக்க மாட்டேன்."

அக்கா கட்டின் மிச்சச் சுற்றுகளைப் பிரித்தாள். பிறகு, "நான் குடுத்திருந்தா?" என்றாள்.

அவன் பெட்டியைக் காலருகே இழுத்து வைத்தான். அவள் திருப்பிக் கேட்கவில்லை. எவ்வளவு பக்கத்தில் போய்வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாத்திரையைத் தாளிலிருந்து உரித்து, செருப்பால் நசுக்கி, சாக்கடைக்குள் தள்ளினாள். தாளையும் தள்ளினாள். கட்டுத்துணியை மடியில் வைத்துச் சுருட்டினாள். துவைத்தால் இன்னொரு தடவைக்கு ஆகும். தூரத்தில் பஸ் விளக்கு திரும்பியது.

"கண்ணைக் காட்டு" என்றாள்.

"அக்கா, நான் எதுவும் போடல. அதான் நீயே பாத்தியே."

"காட்டுடா."

அவன் குனிந்தான். வந்துகொண்டிருந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். கறுப்பு வட்டம் வெளிச்சம் பட்டதும் ஒழுங்காகச் சுருங்கியது. பஸ் வந்து நின்று, கதவு திறந்தது.

"இன்னொரு கண்ணையும் காட்டு" என்றாள்.